43 நொடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு ஊர், இரண்டு டேட்டா சென்டர்; ஒன்றோடு தொடர்பு அறுந்தால் சில நொடியில் மற்றது தானாகவே பொறுப்பேற்கும். தொடர்பு திரும்பி வந்தபின் என்ன செய்வாய் என்பது மட்டும் அதில் இல்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததை நிதானமாகப் படி. பழுதான 100ஜி ஆப்டிகல் கருவியை மாற்றும் வழக்கமான வேலை. அதில் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் இணைப்பு போயிற்று. 43 நொடியில் திரும்பியும் விட்டது. அதற்குள் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் மென்பொருள் மேற்குக் கரையின் மைஎஸ்க்யூஎல் சர்வர்களை முதன்மையாக்கத் தொடங்கிவிட்டது. அது விதியை மீறவில்லை, பெரும்பான்மை முனைகளின் ஒப்புதலோடுதான் செய்தது. ஆனால் கிழக்கில் கடைசியாக ஏறிய பதிவுகள் மேற்குக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதுப் பதிவுகள் ஏறிக்கொண்டிருந்தன. எது முதன்மை சர்வர் என்பதை முடிவு செய்த முனைகள், அந்தச் சர்வரிடம் எல்லாத் தரவும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நீ வரைந்திருப்பதிலும் இதே ஓட்டை இருக்கிறது.

மிகப் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் இப்படி மாட்டியவை 954 பதிவுகள். அவ்வளவுதானே என்று கிட்ஹப் கைகழுவவில்லை. வெப்ஹூக்கை நிறுத்தி, பல டெராபைட் பேக்கப்பை மீட்டு, சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. வேகத்தைவிடத் தரவே பெரிது என்று எடுத்த அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

எரிக் புரூவர் 2000இல் சொன்ன கேப் தேற்றத்தை, 'தரவு ஒருமை, எப்போதும் பதில், இணைப்பு அறுந்தாலும் இயங்குதல்: மூன்றில் இரண்டு' என்று மனப்பாடம் செய்து நிறுத்திவிடாதே. இணைப்பு அறுவது உன் கையில் இல்லை. அறுந்த நேரத்தில் எழுதுவதை நிறுத்துவதா, தொடர்வதா என்பதுதான் உன் கையில் இருக்கிறது. அதையும் டேபிள் டேபிளாக முடிவு செய்ய வேண்டும். அமேசானின் டைனமோ, ஷாப்பிங் கார்ட்டில் இரு பக்கத்தையும் ஏற்றுப் பிறகு ஒன்றாக்கியது. நீக்கிய பொருள் சில சமயம் மீண்டும் தலைகாட்டும் என்று 2007 கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். கார்ட்டில் அது பரவாயில்லை. உன் கணக்கு இருப்பு டேபிளில் அப்படி நடக்க விடாதே, அங்கே நிறுத்திவிடு.

சோதனைச் சூழலில் இணைப்பை நீயே அறுத்துவிடு. இரு பக்கமும் ஒரே ஆர்டரை வெவ்வேறாக மாற்றி, மறுபடி இணை. வரும் லாக்கை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்