பாற்பற்களும் ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல்லும்

குழந்தை பிறக்கும்போது அதன் ஈறுகளில் பல் எதுவும் தென்படுவதில்லை. ஆயினும் தாடை எலும்பினுள் இருபது பாற்பற்களும் அப்பொழுதே உருவாகத் தொடங்கிவிட்டிருக்கும். ஆறாண்டுகள் கழித்து வெளிவரப்போகும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே சுண்ணச் சத்து ஏறிக் கெட்டிப்பட ஆரம்பிக்கிறது. ஆகவே, பாற்பற்களின் காலமும் நிரந்தரப் பற்களின் காலமும் ஒன்று முடிந்தபின் மற்றொன்று தொடங்குவன அல்ல. "விழுந்துவிடும் பல்தானே" என்று பெற்றோர் பலர் சொல்லும் சமாதானம் இந்த உண்மையை அறியாததால் எழுவது. அந்தச் சமாதானத்தினால் எத்தனையோ குழந்தைகள் ஆயுள் முழுவதும் பயன்பட வேண்டிய ஒரு பல்லைப் பத்து வயதிற்குள் இழந்துவிடுகிறார்கள்.

பல் முளைக்கும் பருவம்

சாதாரணமாக ஆறாவது மாதத்தை ஒட்டிக் கீழ்த்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் முதலில் தோன்றுகின்றன. இரண்டரை முதல் மூன்று வயதிற்குள் இருபதும் முளைத்து முடியும். சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது இயற்கையே. ஓராண்டு நிறைந்தும் பல் வரவில்லையென்று உடனே கலங்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லும் தோன்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இப்பருவத்தைப் பற்றிக் களப் பணியாளர்கள் முதலில் நீக்க வேண்டிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. பல் முளைக்கும்போது காய்ச்சலும் பேதியும் வருவது இயல்பு என்று நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் நம்புகிறார்கள். ஈறு சற்று வீங்குவதும், வாயில் நீர் ஒழுகுவதும், குழந்தை சிணுங்கி எதையேனும் கடிக்க முற்படுவதும் பல் முளைப்பதால் உண்டாகக்கூடியவை. ஆனால் கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பல் உண்டாக்குவதில்லை. அதே மாதங்களில்தான் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைகிறது. தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்கத் தொடங்குகிறார்கள். குழந்தை தவழ்ந்து சென்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. பேதிக்குக் காரணம் இவையே. "பல் வருகிறது, தானாக நின்றுவிடும்" என்று இரண்டு நாள் காத்திருக்கும் வீட்டில் குழந்தையின் உடலிலுள்ள நீர் வற்றிப்போகிறது. அங்கே முதலில் தேவைப்படுவது உப்பு-சர்க்கரை நீர்க்கரைசலும் துத்தநாக மாத்திரையும். பல்லைப் பற்றிய பேச்சு பிறகு இருக்கட்டும்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

சொத்தைப் பல்லைப் "பூச்சிப்பல்" என்று சொல்லும் வழக்கம் பழமையானது. பல்லுக்குள் புழுவோ பூச்சியோ இல்லை. சில விதைகளைச் சுட்டுப் புகைகாட்டிப் பூச்சியை வெளியே எடுத்ததாகக் காட்டுபவர்கள் இன்னும் சில ஊர்களில் உள்ளனர். வெளியே வருவதாகத் தோன்றும் வெண்ணிறத் துண்டுகள், சூட்டில் வெடித்த விதைகளின் முளைக்கருக்களே.

உண்மையில் நடப்பது வேறு. வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேலுறையாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஓர் அளவைத் தாண்டினால், அதாவது பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலிலிருந்து சுண்ணச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு ஏறக்குறைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நேரம் முடியுமுன் குழந்தை மற்றொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால், பழுது பார்க்கும் வேலை நின்று கரையும் வேலை மீண்டும் தொடங்கிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் வாயில் ஒட்டியிருக்கிறது என்பதே பெரிதும் கவனிக்கத்தக்கது. சுவீடன் நாட்டில் விப்பெஹோல்ம் என்னும் மனநல விடுதியில் 1945-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி இதனைத் தெளிவாக நிறுவியது. உணவோடு உணவாகச் சர்க்கரை உண்டவர்களைக் காட்டிலும், இடைவேளைகளில் ஒட்டும் தன்மையுள்ள டாபி தின்றவர்களுக்கே சொத்தை மிக அதிகமாக ஏற்பட்டது. தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளிகளைக் கொண்டு நடத்திய அந்தச் சோதனை முறை பின்னர் வன்மையாகக் கண்டிக்கப்பட்டது, கண்டித்தது நியாயமே. எனினும் அதன் முடிவு இன்றளவும் நிற்கிறது. பண்டிகை நாளில் சாப்பாட்டோடு உண்ணும் இனிப்பு, பள்ளி வாயிற்கடையில் மணிக்கொரு முறை வாங்கும் மிட்டாயைவிடக் குறைந்த தீங்கே செய்கிறது.

மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள்

கைக்குழந்தைகளுக்கு வரும் சொத்தை ஒரு தனி முறையில் பரவுகிறது. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே உறங்கவிடுவதும், ரப்பர்க் காம்பில் தேன் தடவிக் கொடுப்பதும் இதற்குப் பெரிய காரணங்கள். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைவாதலால் இனிப்பு நெடுநேரம் பற்களின்மீது தேங்கி நிற்கிறது. முதலில் தாக்கப்படுபவை மேல்வரிசை முன்பற்கள். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

அங்கன்வாடிப் பணியாளருக்கு இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குழந்தையை எடை பார்க்கும் நாளில், வெளிச்சம் உள்ள இடத்தில் மேலுதட்டை விரலால் உயர்த்திப் பார்த்தால் போதும். ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெள்ளைக்கோடு தெரிந்தால், அது சொத்தையின் முதல் அடையாளம். இந்த நிலையில் குழி விழவில்லை. இரவுப் புட்டியை நிறுத்திப் புளோரைடு சேர்ந்த பற்பசையால் நாள்தோறும் துலக்கி வந்தால் பல் மீண்டும் இறுகுவதற்கு இடமுண்டு. கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விட்டது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சில மாதங்களே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இதைக் காரணமாகக் காட்டித் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது பெரும் தவறு. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். பல் முளைத்தபின் நாள்தோறும் துலக்கிவிட வேண்டும், இரவு துலக்கிய பிறகு இனிப்புக் கொடுக்கக்கூடாது என்று கூறினால் போதுமானது.

துலக்கும் முறை

முதல் பல் தோன்றிய நாளிலிருந்தே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பற்பசை ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரப் படங்களில் காண்பதுபோல் பிரஷ் முழுவதும் நிரப்புவது வீண் செலவு. விழுங்கும் வழக்கமுள்ள குழந்தைக்குத் தீங்கும்கூட. காலையில் ஒரு முறையும், அதைவிட முக்கியமாக இரவு உறங்குமுன் ஒரு முறையும் துலக்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். தன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத குழந்தைக்குக் கடைவாய்ப் பற்களைத் துலக்கத் தெரிந்திருக்கும் என எதிர்பார்க்கலாகாது.

வேப்பங்குச்சியையும் கருவேலங்குச்சியையும் இகழ வேண்டியதில்லை. மென்று நார் மென்மையான குச்சியால் சற்றுப் பெரிய பிள்ளைகள் அழுக்கை நன்றாகவே நீக்க முடியும். புளோரைடின் பயன்தான் அதில் கிட்டாது. செங்கற்பொடி, மணல், கரித்தூள் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடுவதால் அவற்றை விலக்க வேண்டும். பீகாரில் குல், ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் குடாகு, மகாராஷ்டிரத்தில் மிஸ்ரி எனப் பல பெயர்களில் வழங்கும் பொருள்கள் புகையிலையால் ஆனவை. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ஆம் ஆண்டில் தடை செய்தது. எனினும் வீட்டில் பெரியவர்கள் இவற்றைக் கொண்டு பல் தேய்ப்பதைப் பார்த்துச் சிறுவர்களும் பழகிவிடுகின்றனர்.

புளோரைடின் இரு முகங்கள்

சிறிதளவு புளோரைடு எனாமலை அமிலத்தைத் தாங்கும்படி வலுவாக்குகிறது. அளவுக்கு மீறிய புளோரைடோ, உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கெடுக்கிறது. இந்தியாவில் இந்நோய் 1937-ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர அளவு கூறுகிறது. தெலங்காணாவின் நல்கொண்டா, இராஜஸ்தானின் நாகௌர், தமிழ்நாட்டின் தருமபுரி போன்ற மாவட்டங்களில் ஆழ்கிணற்று நீர் பல இடங்களில் இவ்வளவைத் தாண்டுகிறது.

அத்தகைய ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் பற்களில் காணும் வெண்திட்டுகளும் பழுப்புப் பட்டைகளும் அழுக்கு அல்ல. அவை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்தாற்போல், ஒரே பருவத்தில் உருவான பற்களிலெல்லாம் காணப்படும். எவ்வளவு தேய்த்தாலும் போகா. பல் துலக்கவில்லையென்று வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்துவது அநியாயம். அங்கே வேண்டியது நீரைச் சோதிப்பதும், சிறு குழந்தைகளுக்கு வேறு குடிநீருக்கு வழி செய்வதுமே.

எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டிய பல்

ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், தாடைக்குப் பக்கத்திற்கு ஒன்றாக நான்கு கடைவாய்ப்பற்கள் தோன்றுகின்றன. எந்தப் பாற்பல்லும் விழாமல் இவை புதிதாக வருவதால், பெற்றோர் இவற்றையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். இவற்றின் மேற்பரப்பில் உணவு தங்கும் ஆழமான பிளவுகள் உண்டு. மேலும் முழுதாக எழும்பும் வரை இவை மற்றப் பற்களின் மட்டத்திற்குக் கீழே நிற்பதால் பிரஷ் இவற்றைத் தொடாமலே போகிறது. முளைத்த சில ஆண்டுகளிலேயே சொத்தையாகி, "பாற்பல்தானே" என்று பிடுங்கச் சொல்லும் நிலைக்கு வருபவை பெரும்பாலும் இவையே.

முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இதை ஒரு பாடமாகவே நடத்தலாம். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள இடங்கள் பாற்பற்களுக்கு உரியவை; ஆறாவது இடத்தில் நிற்பது நிரந்தரப் பல். பிள்ளைகள் நாக்கு நுனியால் எண்ணிப் பார்த்து, வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

பாற்பற்கள் இப்பல்லுக்குச் செய்யும் உதவி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்தாம் இடத்துப் பாற்பல் தனக்குப் பின்வரும் நிரந்தரப் பல்லுக்காகப் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இடம் பிடித்து வைத்திருக்கிறது. அது சொத்தையால் முன்னரே போய்விட்டால், ஆறாம் இடத்துப் பல் முன்புறமாகச் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும். பின்னர் வரும் பல் வழியின்றிக் கோணலாக முளைக்கிறது, அல்லது எலும்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

பல் மருத்துவரிடம் முதல் முறை

வலி வந்த பிறகு, இரவெல்லாம் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே பலருடைய முதல் வருகையாக இருக்கிறது. அக்குழந்தைக்கு மருத்துவர் என்றாலே வலி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. முதல் பல் முளைத்த ஆறு மாதத்திற்குள், எப்படியும் முதற் பிறந்த நாளை ஒட்டி, ஒரு முறை காட்டிவிடுவதே முறை. அன்று பெரும்பாலும் சிகிச்சை எதுவும் இராது. தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் சேர எதிரெதிரே அமர்வார்கள். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தபடி, தலை மருத்துவர் மடியில் இருக்குமாறு படுத்திருக்கும். இரண்டு நிமிடத்தில் பரிசோதனை முடியும்.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு 1959-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் எளிய முறை ஒன்று உண்டு: செய்யப்போவதைச் சொல்வது, கருவியைக் காட்டுவது, பின்னரே செய்வது. வீட்டார் இதற்கு மாறாக நடந்து காரியத்தைக் கெடுக்கின்றனர். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டிய குழந்தையை நாற்காலியில் அமர்த்துவது எளிதன்று. "வலிக்காது, வலிக்காது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் வேண்டாம். குழந்தையின் காதில் விழுவது வலி என்னும் சொல் மட்டுமே. பரிசாக மிட்டாய் வாங்கித் தருவதாகக் கூறுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே உள்ளனர் என்பது மறுக்க முடியாத குறை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பற்சொத்தையும் உண்டு. குழு வரும் நாளுக்கு முன்பே, சொத்தையுள்ள பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் குறித்து வைத்திருந்தால் நேரம் வீணாகாது. எல்லாச் சொத்தைக்கும் துளையிடும் எந்திரம் வேண்டும் என்பதும் இல்லை. கைக்கருவியால் சுரண்டிச் சிமெண்டு போன்ற பொருளால் அடைக்கும் முறை உண்டு. வெள்ளிச் சேர்மமான புளோரைடு மருந்து ஒன்றைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்தவும் முடிகிறது. இம்மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகளுடன் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சொத்தைப் பல்லோடு கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், குழுவின் வருகைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கண்ணருகே வீக்கம் ஏறினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டாலும் ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது.

விளையாட்டுத் திடலில் விழுந்து முன்பல் தெறித்துவிட்டால், குழந்தையின் வயதை முதலில் கவனிக்க வேண்டும். பாற்பல்லாயின் அதை மீண்டும் பொருத்தலாகாது. உள்ளே வளரும் பல்லுக்கு ஊறு நேரும். ஏழு வயதிற்கு மேற்பட்ட பிள்ளையின் நிரந்தரப் பல்லாயின், வேரைத் தொடாமல் வெண்ணிறத் தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் ஒரு நொடி நீரில் அலசி, குழியிலேயே திரும்பப் பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கச் செய்து அனுப்பலாம். அது இயலாவிடில் ஒரு தம்ளர் பாலில் பல்லைப் போட்டுப் பிள்ளையோடு அனுப்ப வேண்டும். வெறும் நீரில் போடுவதோ காகிதத்தில் மடிப்பதோ வேரின்மீதுள்ள உயிர்த் திசுக்களை அழித்துவிடும். அரை மணி நேரத்திற்குள் சென்றால் பல் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.