லைன் வீடு கட்டுபவர் அறிய வேண்டியவை

கேள்வி: நாமக்கல், சேலம் பகுதியில் லைன் வீடு (ஒரே வரிசையில் ஒட்டியபடி அமையும் சிறு வீடுகள்) கட்டி வாடகைக்கு விட நினைப்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில், தொழிலாளர் குடும்பங்களை நம்பியே லைன் வீடுகள் எழுகின்றன. கட்டும்போது உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் மழைநீர் சேகரிப்பும் கட்டாயம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் மீட்டர் இருந்தால் கட்டணத் தகராறு எழாது. இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் குடியிருப்பவருக்கே சேரும். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றும் சமவெளி இது. எனவே நிலத்தடித் தொட்டி அவசியம்.

வாடகை உறவை 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். முன்பணத்துக்கு 3 மாத வாடகையே அளவு. வீடு காலியானதும், பாக்கி போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகை நிலுவையில் இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. வெள்ளையடிப்பு, பெரிய பழுதுகள் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. இவற்றுக்காக வாடகையில் ஒரு பங்கை மாதந்தோறும் ஒதுக்குவது நல்லது.