குடும்ப வண்டிகளில் மின்சாரம்: இரு வழிகள், ஓர் ஒப்பீடு

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்திற்கும் மேற்பட்ட பகுதி இறக்குமதியாலேயே நிறைவு செய்யப்படுகிறது. எனவே, எஸ்.யு.வி. எனப்படும் பெரிய குடும்ப வண்டிகள் எவ்வழியில் மின்சாரத்திற்கு மாறுவது நன்று என்ற வினா, வாங்குவோரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அன்னியச் செலாவணியையும் வரிக் கொள்கையையும் சார்ந்ததாகும்.

முழு மின்வண்டியில் எஞ்சின் இல்லை. பெரும்பாலும் 40 முதல் 80 யூனிட் வரை கொள்ளும் பேட்டரியே அதனை இயக்குகிறது. ‘பிளக்-இன் ஹைபிரிட்’ எனும் கலப்பு வண்டியிலோ பெட்ரோல் எஞ்சினுடன், 10 முதல் 20 யூனிட் கொள்ளும் சிறிய பேட்டரியும் மோட்டாரும் உள்ளன. வீட்டு இணைப்பில் அதற்கு மின்னேற்றம் செய்யலாம், செய்யாமலும் ஓட்டலாம். சிக்கல் இங்குதான் எழுகிறது.

ஒரு குடும்பம் நாள்தோறும் 40 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாட்களும், நெடும் பயணங்களில் மேலும் 3,000 கிலோமீட்டரும் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 15,000 கிலோமீட்டர். கலப்பு வண்டி மின்சாரத்தில் 50 கிலோமீட்டரும், பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் ஓடும் எனில், இரவுதோறும் மின்னேற்றும் குடும்பத்திற்கு ஆண்டில் 200 லிட்டர் பெட்ரோல் போதும். மின்னேற்றாத குடும்பத்திற்கோ 1,000 லிட்டர் தேவை. வண்டி ஒன்றே, எண்ணெய்ச் செலவு ஐந்து மடங்கு. முழு மின்வண்டிக்கு இத்தகைய ஐயப்பாடு இல்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2021இல் பதிவான வண்டிகளின் எரிபொருள் பதிவுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணையம், கலப்பு வண்டிகள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வுக்கூட அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என 2024இல் அறிவித்தது.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை, நம் நாட்டில் மின்வண்டியின் மேன்மையை மிகைப்படுத்துதல் கூடாது. நம் மின் உற்பத்தியில் பெரும்பங்கு நிலக்கரியினுடையது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோகிராம் வாயு வெளியாகிறது. 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் எனக் கொண்டால், மேற்கண்ட குடும்பத்தின் மின்வண்டி ஆண்டில் ஏறத்தாழ 1,900 கிலோகிராமுக்குப் பொறுப்பாகும். மின்னேற்றாத கலப்பு வண்டிக்கு, லிட்டருக்கு 2.3 கிலோகிராம் வீதம், 2,300. மின்கடத்தல் இழப்பையும் சேர்த்தால் இடைவெளி மேலும் குறுகும். ஆனால் சூரிய ஒளி, காற்று மின்சாரத்தின் பங்கு உயர உயர மின்வண்டியின் கணக்கு ஆண்டுதோறும் குறையும். பெட்ரோலின் கணக்கு குறைய வழியில்லை.

கலப்பு வண்டியின் சார்பிலும் வலுவான வாதம் ஒன்றுண்டு. ஒரு பெரிய மின்வண்டியின் பேட்டரியைக் கொண்டு நான்கைந்து கலப்பு வண்டிகளை இயக்கலாம். பேட்டரிக்கான செல்களையும் நாம் பெரும்பாலும் இறக்குமதியே செய்கிறோம். எனினும், வீட்டில் மின்னேற்ற வசதியற்ற அடுக்குமாடிக் குடியிருப்போருக்கே கலப்பு வண்டி ஏற்றது எனப் பரிந்துரைப்பது பொருந்தாது. அவர்கள் கையில் அது கனமான பெட்ரோல் வண்டியே.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு, சேவை வரி மின்வண்டிக்கு 5 சதவீதமாகத் தொடர்கிறது. பெரிய கலப்பு வண்டிக்கு 40 சதவீதம். நாள்தோறும் மின்னேற்றி 800 லிட்டர் மிச்சப்படுத்தும் குடும்பத்திற்கு இது சற்றுக் கடுமையே. ஆயினும், விற்பனையின்போது வரி அலுவலர் வண்டியைத்தான் காண இயலும், அதன் பயன்பாட்டை அன்று. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட எரிபொருள் பதிவுக் கருவி இங்கும் வருமாயின், சலுகையை விற்பனையில் அளிக்காமல், மெய்யாக மிச்சப்பட்ட லிட்டருக்கு ஏற்ப ஆண்டுதோறும் அளிப்பதைப் பரிசீலிக்கலாம்.