இரத்தத்தில் கண்டது ஒன்று, ஊசிமீது விழுந்த பழி வேறு

பிள்ளைக்கு 9 மாதம் முடிந்ததும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர் ஊசி. 3 வயதில் மறுபடியும் ஒன்று. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த ஊசி நெருங்கும்போது தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், இதப் போட்டா பிள்ளைக்குப் பேச்சு நின்னுருமாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு." கிளினிக்கில் இருபது முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது மிட்வைஃப் அதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? "அதெல்லாம் பொய்ம்மா, கையப் புடிங்க" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் கேட்ட தாய்க்கு அது போதாது. பயம் மனதில் இருக்க, ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவள் பயப்படுவது ஓட்டிசத்தை. அதன் முழுக் கதையையும் அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: ஊசியால் ஓட்டிசம் வருகிறது என்று நிர்ப்பீடன விஞ்ஞானி ஒருவரே கண்டுபிடித்துவிட்டார்.

இப்படிச் சொல்கிறவர்கள் எடுத்துக்காட்டும் பெயர்களில் ஒன்று விஜேந்திர சிங். அமெரிக்காவின் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நரம்பும் நோயெதிர்ப்பும் சந்திக்கும் துறையில் ஆராய்ந்தவர். நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. ஓட்டிசமுள்ள பிள்ளைகள் பலரின் இரத்தத்தில் அந்த மயலினின் புரதம் ஒன்றையே தாக்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதாக அவரும் கூட்டாளிகளும் 1993இல் எழுதினார்கள். உடலின் காவல் படை தன் சொந்த நரம்பையே எதிரியாக நினைத்துவிட்டதோ என்பது அவருடைய சந்தேகம். அது நியாயமான சந்தேகம். வேறு சில நரம்பு நோய்களில் அப்படி நடப்பது தெரிந்த விஷயம்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்பும் அவர் இதைப் பேசினார். 2002இல் வந்த கட்டுரைதான் பெரும் புயலைக் கிளப்பியது. ஓட்டிசமுள்ள 125 பிள்ளைகளில் 75 பேரிடம், அதாவது 60 சதவீதத்தினரிடம், எம்.எம்.ஆர் ஊசியோடு தொடர்புடைய வழக்கத்துக்கு மாறான ஒரு பிறபொருளெதிரி இருந்தது என்றும், ஒப்பீட்டுக்கு எடுத்த 92 பிள்ளைகளில் ஒருவரிடமும் அது இல்லை என்றும் அது சொன்னது. இந்த எண்களைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

அவருடைய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்துப் படித்தால் படம் மாறுகிறது. சின்னமுத்து வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவு ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் சற்றுக் கூடியிருந்தாலும், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். ஊசி போட்ட எந்தப் பிள்ளையின் இரத்தத்திலும் சின்னமுத்துக்கான பிறபொருளெதிரி இருக்கத்தான் வேண்டும்; ஊசி போடுவதே அதற்குத்தான். இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய்க்குக் காரணம் சொல்லிவிட முடியாது. மயலின் கதையிலும் இதே சிக்கல்தான். நரம்புத் திசு முதலில் பாதிக்கப்பட்டு, அதன் விளைவாகப் பிறபொருளெதிரி உருவாகியிருக்கலாம். எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஒருமுறை எடுத்த இரத்தம் சொல்லாது.

அறிவியலில் அடுத்த படி, வேறு ஆட்கள் வேறு ஆய்வுகூடத்தில் அதையே செய்து பார்ப்பது. அதே யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரத்தில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகக் குழு 2007இலும் 2008இலும் செய்து பார்த்தது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வைரசுகளுக்கான பிறபொருளெதிரிகளிலும் சரி, மயலின் புரதத்துக்கு எதிரானவற்றிலும் சரி, ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் வேறுபாடு காணவில்லை. இங்கிலாந்தில் கில்லியன் பேர்ட் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஓட்டிசமுள்ள 98 பேர், வேறு கற்றல் தேவையுள்ள 52 பேர், இயல்பாக வளர்ந்த 90 பேர் இருந்தார்கள். சின்னமுத்து வைரசின் தடயமும் பிறபொருளெதிரியும் மூன்று பிரிவிலும் ஒரே மாதிரிதான்.

எம்.எம்.ஆர் ஊசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டையும் சிங்கையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் முற்றாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. சிங் முன்வைத்ததோ பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கருத்து. சோதித்தார்கள், நிற்கவில்லை. துக்கம் என்னவென்றால், முதல் கட்டுரை மலை ஏறி வந்துவிட்டது, அதைச் சரிபார்த்த கட்டுரைகள் வரவில்லை.

நம் நாட்டுக் கணக்கே ஒன்று இருக்கிறது. இலங்கையில் எம்.எம்.ஆர் ஊசி தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2011இல். அதுவரை அரசாங்கக் கிளினிக்கில் 9 மாதத்தில் சின்னமுத்து ஊசி மட்டும்; 3 வயதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் சேர்ந்தது. பணம் கொடுத்துத் தனியாரிடம் எம்.எம்.ஆர் போட்டவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு, ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் இருப்பதாக அறிவித்தது 2009இல். ஓட்டிசம் காணப்பட்ட நான்கே பிள்ளைகளை வைத்து வந்த விகிதம் என்பதால் அதை நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் எம்.எம்.ஆர் திட்டம் தொடங்குவதற்கு முன்பே ஓட்டிசம் நம்மிடையே இருந்தது என்பதற்கு அந்த நான்கு பிள்ளைகள் போதும். ஜப்பானின் யோகோஹாமாவில் இது தலைகீழாக நடந்தது: 1993இல் எம்.எம்.ஆர் ஊசியையே நிறுத்திய பிறகும் ஓட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டேதான் போனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்விலும், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

பிறகு ஏன் "ஊசிக்கு அப்புறந்தான் இப்படி ஆனான்" என்று தோன்றுகிறது? கண்ணில் படும் காலம் அது என்பதால்தான். 3 வயது என்பது பிள்ளை முன்பள்ளிக்குப் போய், மற்றப் பிள்ளைகளின் பேச்சோடு ஒப்பிடப்படும் வயது. தொடக்கம் அதற்கு வெகு முந்தியது. பின்னாளில் ஓட்டிசம் உறுதியான குழந்தைகள் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கும் நேரம் 2ஆம் மாதத்துக்கும் 6ஆம் மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் 2013இல் அளந்து காட்டினார்கள். நம் கிளினிக்கில் முதல் எம்.எம்.ஆர் போடும் 9ஆம் மாதம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம்பிக்கை: ஓட்டிசத்துக்கும் நோயெதிர்ப்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இதைச் சொல்கிறவர்கள் ஊசியின் நண்பர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இதுவும் தவறு. தொடர்பு இருக்கிறது. அதைப் பிள்ளையின் கையில் போடும் ஊசியில் தேடியதுதான் பிழை. தாயின் கர்ப்பகாலத்தில் தேட வேண்டும்.

மிகத் தெளிவான சான்று ருபெல்லா. 1964இல் அமெரிக்காவில் ருபெல்லா பெரிதாகப் பரவியது. கருவிலேயே அந்த நோய் தாக்கிப் பிறந்த 243 பிள்ளைகளை நியூயோர்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் கவனித்து 1971இல் எழுதினார். அவர்களில் 10 பேருக்கு முழுமையான ஓட்டிசம், 8 பேருக்குப் பகுதியளவில். அந்தக் காலத்தில் பத்தாயிரத்துக்கு நாலைந்து பேருக்குத்தான் ஓட்டிசம் என்று நினைத்திருந்தார்கள். இலங்கையில் 1996 முதல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லா ஊசி போட்டு வந்தார்கள். நம் அம்மாமார், சித்திமார் பலர் போட்டுக்கொண்ட ஊசி அது. எம்.எம்.ஆர் என்பதன் கடைசி எழுத்தும் ருபெல்லாதான். ஓட்டிசத்தை உண்டாக்குகிறது என்று பழி சுமக்கும் ஊசி, ஓட்டிசத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த காரணங்களில் ஒன்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இதைத் தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ருபெல்லா மட்டுமல்ல. கலிபோர்னியாவில் போல் பேட்டர்சன், கருவுற்ற எலிகளின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிட்டால் குட்டிகளின் நடத்தை மாறுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குளோரியா சோய், ஜுன் ஹு தம்பதியரின் ஆய்வு 2016இல் அதன் வழியைக் காட்டியது: வைரஸ் வந்ததுபோலத் தாய் எலியின் உடலை ஏமாற்றினால் ஐ.எல். 17ஏ என்ற சமிக்ஞைப் புரதம் பெருகி, குட்டியின் மூளை உருவாவதைப் பாதிக்கிறது. அந்தப் புரதத்தைத் தடுத்துவிட்டால் குட்டிகள் இயல்பாக வளர்கின்றன. மனிதரில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வைரஸ் தொற்றால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட டென்மார்க் தாய்மாரின் பிள்ளைகளிடம் ஓட்டிசம் ஏறக்குறைய 3 மடங்கு காணப்பட்டது. ஆனால் கர்ப்பகாலம் முழுவதிலும் வந்த எல்லாத் தொற்றுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு தெரியவில்லை. கலிபோர்னியாவின் ஜூடி வான் டி வாட்டர், ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் தாய்மாரில் 23 சதவீதத்தினரிடம் கருவின் மூளைப் புரதங்களோடு பிணையும் பிறபொருளெதிரிகள் இருப்பதாக 2013இல் எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைக் கவனமாகச் சொல்லியாக வேண்டும். "அப்போ தாய் மேலதான் குற்றம்" என்று மாமியார் வீட்டில் யாராவது தொடங்குவார்கள். கிடையாது. காய்ச்சல் கண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் இல்லை. ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்து 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, ஓட்டிசத்தின் வாய்ப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு சார்ந்தது. அதில் தந்தை வழியும் தாய் வழியும் உண்டு. மழையில் கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால், அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ அனுப்பிப் பேர் பதிந்து லீவு கொடுப்பதுதான் இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது. அது கங்காணிக்கும் துரைக்கும் உரிய பொறுப்பு, அவளுக்கு மட்டும் அல்ல.

நம்பிக்கை: எதிர்ப்புச் சக்தியைச் சரிசெய்தால் பேச்சு வந்துவிடும்.

இதைச் சொல்லித்தான் ஏழைக் குடும்பத்தின் நகையும் ஈ.பீ.எஃப் பணமும் கரைகின்றன. இதற்கும் ஒரு வேர் உண்டு. கலிபோர்னியாவில் நோயெதிர்ப்பு மருத்துவராக இருந்த சுதீர் குப்தா, 10 பிள்ளைகளுக்கு இரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் (பிறபொருளெதிரிப் புரதம்) ஏற்றி நல்ல மாற்றம் கண்டதாக 1996இல் எழுதினார். ஒப்பீட்டுப் பிரிவு அதில் இல்லை. வேறு மருத்துவர் ஒருவர் 10 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேரிடம் ஒரு மாற்றமும் இல்லை, ஒரே ஒரு பிள்ளை மட்டும் நன்றாக மாறியது. பிறகு வயிற்றுக் கோளாறும் ஓட்டிசமும் உள்ள 125 பிள்ளைகளுக்கு, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று தெரியாமல் வாய்வழி இம்யூனோகுளோபுலின் கொடுத்த சோதனை 2009இல் வெளியானது. இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. இரத்தத்தை எடுத்து, நீண்ட பட்டியல் போட்டு, "எதிர்ப்புச் சக்தி பக்கேஜ்" விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அந்தப் பணத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்கு எத்தனை முறை பஸ் ஏறிப் போய்வரலாம். தலாத்துஓயா வழியாகக் கண்டி, அங்கிருந்து பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை. ஆனால் அந்த நாளில் பிள்ளைக்கு ஏதோ கிடைக்கும்.

18ஆம் மாதத்தில் முக்கூட்டு ஊசிக்குப் பிள்ளையை எப்படியும் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம். அன்றைக்கே மிட்வைஃபிடம் சொல்ல வேண்டியவை: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துப்போவது, நாம் காட்டும் பக்கம் பார்க்காதது, வந்த ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோனது. ஹேமமாலி பெரேரா குழுவின் 2009 ஆய்வில் தாய்மாரிடம் கேள்வி கேட்டு மட்டும் கண்டுபிடிப்பது எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. அதனால் அதே குழு, பிள்ளைகளின் செய்கைகளைப் படமாகவே காட்டி "உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறதா?" என்று கேட்கும் ஒரு முறையை உருவாக்கி 2017இல் வெளியிட்டது. எழுத்து வாசிக்கத் தடுமாறும் ஒரு தாயும் அந்தப் படத்தைப் பார்த்து விரல் வைத்துக் காட்ட முடியும்.