முதலில் கடிகாரத்தைப் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

'பழைய கம்ப்யூட்டரில் புது இணையம்' என்று நீ போட்ட கையேடு கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்தது. சர்டிபிகேட் என்றால் என்ன, ரூட் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கும் நிலையை நீ எப்போதோ தாண்டிவிட்டாய். அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன்.

ஒன்பதாம் பக்கம். விண்டோஸ் 7இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காட்டும் எச்சரிக்கைத் திரையைப் படம் பிடித்துப் போட்டு, 'தொடரவும்' என்ற வரிக்கு அம்புக்குறி வரைந்திருக்கிறாய். அதே வரியில் 'பரிந்துரைக்கவில்லை' என்றும் இருக்கிறது, அம்பின் வாலில் அது மறைந்துபோய்விட்டது. அடியில் 'பழைய மெஷின்களில் இது சகஜம், பயப்பட வேண்டாம்' என்று ஒரு குறிப்பு வேறு. இப்போது அந்தப் படத்தையே நன்றாகப் பார். சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று திரை சொல்கிறது. வலது மூலையில் தேதி 01-01-2010. நோய் என்னவென்று மெஷின் வாயைத் திறந்து சொல்லியும் நீ கேட்டுக்கொள்ளவில்லை.

எச்சரிக்கை எல்லாம் ஒரே எச்சரிக்கை அல்லவே. குரோமில் பொடி எழுத்தில் வரும் கோடைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 'டேட் இன்வேலிட்' என்றால் கடிகாரம், அல்லது அந்தத் தளத்துக்காரர் புதுப்பிக்க மறந்துவிட்டார். 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றால் ரூட் பட்டியல் பழசாக இருக்கலாம், நடுவில் யாரோ புகுந்தும் இருக்கலாம். 'சைஃபர் மிஸ்மேட்ச்' என்றால் அநேகமாக டிஎல்எஸ் பழசு. அங்கே அழுத்த 'ப்ரொசீட்' பட்டனே இருக்காது, உன் அம்புக்கும் வேலை இல்லை. இந்த மூன்றையும் ஒரே 'சகஜ'த்தில் போட்டு மூடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குக் கடிகாரப் பைத்தியம் என்று கூடப் பழகியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். மெஷினை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே மதர்போர்டின் கடிகாரம் ஓடிவிடும். சிஆர்2032 செல்லுக்கு வேலை இல்லை. நம் வீடுகளில் ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். செல் செத்திருந்தால் விடிவதற்குள் தேதி போய்விடும். காலையில் பயாஸ் எழுதப்பட்ட வருஷத்தில் கண் விழிக்கும் மெஷினுக்குப் போன வாரம் வழங்கிய சர்டிபிகேட் எதிர்காலத்துச் சரக்கு. நிராகரிப்பதுதானே நியாயம்? குரோமாவது 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று தனிப் பக்கமே போட்டுச் சொல்லும். நெட் வந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று நீ எழுதியிருப்பதும் பாதி உண்மைதான். தேதியே மாறிக் கிடந்தால் எக்ஸ்பி, பாதுகாப்புக் காரணம் சொல்லி, முதலில் தேதியைத் திருத்திவிட்டு வா என்று மறுத்துவிடும். அதற்குப் பிந்தைய விண்டோஸிலும் வீட்டு மெஷின்களின் இயல்பான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் விலகிய கடிகாரத்தை நேரச் சேவை தொடாது. கையால் தேதியை மாற்று, செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் பார், 3 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தால் புதுசு போடு. அவ்வளவுதான். இதற்கு உன் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர்களுக்கு சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலை போட்ட தடுப்புகள், ரிசல்ட் நாளில் படி வரைக்கும் கூட்டம். எக்ஸ்புளோரர் 6இல் எச்சரிக்கை என்பது ஒரு சின்னப் பெட்டி; யெஸ், நோ, வியூ சர்டிபிகேட் என்று மூன்று பட்டன். கல்லாவில் இருக்கும் பையன் எட்டிப் பார்த்து, வாடிக்கையாளர் படிக்கும் முன்பே யெஸ் அழுத்திவிட்டுப் போவான். ஒரு பெரியவர் தன் டைரியில் பெயர், பாஸ்வேர்டு, அதற்கடுத்து 'யெஸ்' என்று எழுதி வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவும் உள்ளே நுழையும் முறையில் ஒரு படி. 2006இல் எக்ஸ்புளோரர் 7 அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு முழுப் பக்கத்தையும் அடைத்து நின்றது. 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 விலக்குக் கேட்பவரை நான்கைந்து தடவை அழுத்த வைத்தது. எல்லாரும் திட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ அந்த டைரிப் பக்கத்தை மறுபடி அச்சடித்திருக்கிறாய்.

யார் வந்து நடுவில் புகப்போகிறார்கள் என்று கேட்பாய். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சர்டிபிகேட் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே போலி சர்டிபிகேட் எடுத்தார்கள். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள்மேல் அதைப் பிரயோகித்தார்கள். அங்கிருந்து ஒருவர் குரோம் காட்டிய எச்சரிக்கையைப் பார்த்து இதென்ன என்று கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது. நம் ஊர்க் கதையும் உண்டு. 2014 ஜூலையில், இந்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசி வழியாகக் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சர்டிபிகேட்டுகள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. என்ஐசிக்கு மேலே இருந்த இந்திய சிசிஏவின் ரூட் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் அவற்றை நம்பியது. ஃபயர்பாக்ஸின் சொந்தப் பட்டியலில் அந்த ரூட் இல்லை, அதனால் அது தப்பியது.

பதினான்காம் பக்கத்தின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கும் இதுதான் காரணம். ரூட் ஃபைலை இந்த லிங்கில் இறக்கி 'டிரஸ்டட் ரூட்'டில் சேர்த்துவிடு என்கிறாய். லிங்க் யாரோ ஒருவருடைய ஃபோல்டருக்குப் போகிறது! ஒரு ரூட்டை அந்த இடத்தில் சேர்த்தால் அது எந்தத் தளத்துக்கும் சாட்சி சொல்லலாம், பேங்க் உட்பட. அதையும் எதையும் சரிபார்க்க முடியாத அதே மெஷினில் இறக்கச் சொல்கிறாய். நல்ல மெஷினில், வழங்குகிற நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பென் டிரைவில் கொண்டு வரட்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவருக்கு ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் போட்டுக் கொடு. விண்டோஸ் 7இல் ஓடும், பட்டியலையும் தானே சுமந்து வரும்.

திட்டி முடித்தேன். ஆண்ட்ராய்டு பகுதியைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் சாய்ந்திருந்த பழைய ரூட் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகியும், 7.1.1க்கு முந்தைய போன்கள் ஏன் விழவில்லை என்பதை எத்தனையோ பேர் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு தன் பட்டியலில் உள்ள ரூட்டின் காலாவதித் தேதியைப் பார்ப்பதே இல்லை, அந்த ஓட்டை வழியாகத்தான் காலாவதியான ரூட்டின் கையெழுத்தை வைத்தே மேலும் மூன்று வருஷம் ஓட்டினார்கள் என்று இரண்டே பத்தியில் நீ சொல்லிவிட்டாய். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த சர்வர்கள் அதே நாளில் தடுக்கி விழுந்ததையும் விடவில்லை. 2024 செப்டம்பர் 30க்குப் பிறகு அந்த போன்களுக்கு என்ன ஆயிற்று என்று தேதியோடு முடித்திருக்கிறாய். தமிழில் இந்த விஷயத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இதை எழுதிய கைதானா அந்த அம்பையும் வரைந்தது?

இரண்டாம் பதிப்பு போடுவாய், போட வேண்டும். அதற்குள் நிலைமை இன்னும் இறுகும். 398 நாள்வரை செல்லுபடியான சர்டிபிகேட்டுகளுக்கு 2026 மார்ச் 15 முதல் 200 நாள்தான் உச்சம். 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச் 15 முதல் 47. ஆயுள் குறையக் குறைய எந்த நாளில் பார்த்தாலும் சர்டிபிகேட் அண்மையில் வழங்கியதாகவே இருக்கும். இன்று இரண்டு மாதம் பின்தங்கிய கடிகாரத்தோடு தப்பித்துக்கொள்ளும் மெஷின் அன்று ஒரு தளத்தையும் திறக்காது. என் பைத்தியத்துக்கு மதிப்புக் கூடிக்கொண்டுதான் போகிறது.

செல் மாற்றுவதைப் பற்றி எழுதும்போது லேப்டாப்பைத் தனியாக எழுது. பலவற்றில் செல்லுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு வயரும் கனெக்டரும் வைத்திருப்பார்கள். கனெக்டர் ஒரே மாதிரி இருந்தும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவதுண்டு. பழைய செல்லைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்