குளிரில் அணையும் மோரிஸ் மைனர்

நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் பழைய மோரிஸ் மைனர் காலையில் ஸ்டார்ட் ஆகி, உடனே அணைந்துவிடுகிறதா? கார்புரேட்டர் திருகுகளில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். ஓரளவு நன்றாக ஓடும் வண்டியும் கெடுவது அப்படித்தான்.

முதலில் சோக்கைப் பாருங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரில் அதை முழுதாக இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், கலவையில் பெட்ரோல் கூடும். ஆனால் முதல் கால் அங்குல அளவுக்கு ஜெட் அசையாது; த்ராட்டில் மட்டுமே சற்றுத் திறக்கும். ஆகவே எஞ்சின் பிடித்ததும் சோக்கை ஒரேயடியாக உள்ளே தள்ளாமல், அந்தக் கால் அங்குலத்தில் ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். அப்போதும் வேகம் கூடவில்லையா? ஃபாஸ்ட் ஐடில் திருகைச் சிறிது உள்ளே முறுக்குங்கள். வழக்கமான ஐடில் திருகைத் தொட்டால் சூடான பிறகு எஞ்சின் வீணாக அலறும்.

சோக்கை உள்ளே தள்ளியும் கரும்புகை வந்தால், ஜெட் மேலே திரும்பவில்லை. கேபிளையும் இணைப்புகளையும் சுத்தம் செய்து, துளி எண்ணெய் விடுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் இருமுகிறதா? கார்புரேட்டரின் உச்சியிலுள்ள மூடியைக் கழற்றி, டாம்பர் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். 20 தர எண்ணெய் போதும். கியர் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும்.

இவை சரியாக இருந்தும் தொல்லை தீரவில்லையென்றால் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும், பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் வையுங்கள்.