எந்த ‘மார்ச்’ போடுவது?

ஹைதராபாத் பொறியியல் மாணவர்களுக்கு மார்ச் என்றால் ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் பரபரப்பு. கம்பைலருக்கு ‘மார்ச்’ வேறு: எந்த ப்ராசஸருக்காக கோட் உருவாக்குவது என்று சொல்லும் ஃப்ளாக். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் அமீர்பேட் விடுதி அறைகளில் விடிய விடிய விளக்கு எரியும்.

அப்படி ஒரு குழு. சி++, ஃபோர்ட்ரான், ரஸ்ட் மூன்றும் கலந்த ப்ராஜெக்ட். புது லேப்டாப்பில் பறந்தது, ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒற்றை வரி காட்டிவிட்டு நின்றது. ஃப்ளாக்கில் ‘நேட்டிவ்’ என்று போட்டிருந்தார்கள். ஏன் இந்த செட்டிங்? “நேட்டிவ் போட்டாத்தான் வேகம்னு அமெரிக்காவுல இருக்குற அண்ணன் சொன்னார்.”

ஒன்றுமே போடாமல் விட்டால் 2003-இல் வந்த முதல் 64-பிட் ஏஎம்டி சிப்பிலும் ஓடும். இந்த 64-பிட் சிப்புகளுக்கான வி2, வி3 என்ற படிநிலைகள் 2020-இல் வகுக்கப்பட்டன; ஜிசிசி 11 முதல் அந்தப் பெயர்களையே ஃப்ளாக்கில் எழுதலாம். வி3-க்கு ஏவிஎக்ஸ்2 வேண்டும், அதாவது இன்டெலில் 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறை. இவற்றில் ஓடப்போகும் கம்ப்யூட்டருக்கு ஏற்ற படியை எடுத்து, எல்லாக் கோப்புக்கும் அதையே போட்டால் பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து ‘நேட்டிவ்’தான். கம்பைல் செய்யும் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஓடப்போகும் கம்ப்யூட்டர் எது என்று கேட்காது. அதைவிட மோசம், பாதி கோப்புக்கு மட்டும் அதைப் போடுவது. ரோபாட்டிக்ஸ் மாணவர்கள் உபுண்டுவில் ஆப்ட் வழியாக பிசிஎல் நூலகத்தை நிறுவுகிறார்கள். அது பொதுவான செட்டிங்கில் கம்பைல் ஆனது. தங்கள் கோடுக்கு மட்டும் நேட்டிவ் போடுகிறார்கள். இரண்டுமே ஐகன் என்ற கணித நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. ஏவிஎக்ஸ் இருந்தால் ஐகன் நினைவகத்தை 32 பைட் எல்லையில் கேட்கும், இல்லாவிட்டால் 16. ஒரு பக்கம் ஒதுக்கியதை மறுபக்கம் வேறு முறையில் விடுவிக்க, செக்மென்டேஷன் ஃபால்ட். லிங்கர் மூச்சுவிடாது. ஆர்ம் சிப்பில் ஹார்டு ஃப்ளோட், சாஃப்ட் ஃப்ளோட் கோப்புகளைக் கலந்தால் அதே லிங்கர் இணைக்கவே மறுத்துவிடும். இங்கே அந்தக் காவல் இல்லை.

ஜிசிசிக்கும் ஜிஃபோர்ட்ரானுக்கும் ஒரே ஃப்ளாக். ரஸ்டுக்கு ‘டார்கெட்-சிபியு’, கோ மொழிக்கு 1.18 முதல் ‘ஜிஓஏஎம்டி64’. நாலு இடத்திலும் ஒரே படியை எழுதுவது மாணவரின் பொறுப்பு.

இந்தக் கட்டுரையாளருக்கு வி2 மீது ஓரவஞ்சனையான பாசம் உண்டு. ஒரு டெமோ நாளில், நேட்டிவை நம்பி, பத்துப் பேர் முன்னால் விழித்து நின்ற அனுபவம்தான் காரணம். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 வி3-க்குப் போய்விட்டதே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போகட்டும். கடும் கணக்கு வேலையை ஓபன்பிளாஸ் என்ற கணித நூலகத்திடம் விட்டால், அது ஓடும்போதே சிப்பைப் பார்த்துத் தகுந்த கோடைத் தேர்ந்தெடுக்கும்.

அண்ணன் சொன்னதைவிடத் தன் ப்ரோக்ராம் எங்கே திணறுகிறது என்று பொறுமையாக அளந்து பார்ப்பவருக்கே இந்தத் துறை ஒத்துவரும். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒப்படைப்பதற்கு முந்தின நாளாவது ஆய்வகத்தின் மிகப் பழைய கம்ப்யூட்டரில் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையைத் தட்டி, ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள்.